பாலனின் நிறம்

காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். பாலன் இயேசு சொரூபத்தின் பாதத்தை முத்தமிட வரிசையில் இருநூற்று நாற்பது பேர். ஒவ்வொரு முத்தத்துக்குப் பின்னும் அந்தப் பாதத்தைத் துடைத்துவிட வெள்ளைத் துணியோடு ஒருத்தி, பெர்பெத்து டீச்சர். இருநூற்று நாற்பது என்பது அவளே போட்ட கணக்கு. ஒரு பெஞ்சுக்கு எட்டுப் பேர், ஆண்கள் பக்கம் பதினைந்து பெஞ்சு, பெண்கள் பக்கம் பதினைந்து. கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்கு வந்து பின்னால் நின்றவர்களை அவள் சேர்க்கவில்லை. சேர்த்தால் வரிசையில் எங்கோ நிற்கிற ஜெர்லின் பீடத்துக்கு வந்து சேர இன்னும் நேரமாகும், நேரமாவது நல்லதா கெட்டதா என்று அவளால் முடிவுக்கு வர முடியவில்லை. ஃபாதர் ரெமிஜியுஸ் பட்டுத் துணி விரித்த இடது கையில் பாலனைச் சாய்த்து, பாதம் ஜனங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்திருந்தார். ஆள் வந்து குனிந்தது, நிமிர்ந்தது. அவள் துடைத்தாள். குதிகாலிலிருந்து விரல் வரை ஓர் இழுப்பு, துணியை மடித்து மறுபடி ஓர் இழுப்பு. கை தன்பாட்டுக்கு அதைச் செய்தது. கண் நிமிர்கிறவர்களின் முகத்தில் இருந்தது. முகம் மாறுகிறதா, புருவம் சுருங்குகிறதா, பாலனை ஒருமுறைக்கு இரண்டு முறை பார்க்கிறார்களா. வழக்கமாகத் துடைப்பது கோயிலில் மணியடித்து, பீடம் ஒழுங்கு செய்து, எல்லா வேலையும் பார்க்கும் கோயில்பிள்ளை கஸ்பார். இன்று காலை அவரிடமிருந்து துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "எதுக்கு டீச்சர் ஒங்களுக்கு இந்தச் சோலி? கால் கடுக்கும்" என்றார். "இந்த வருசம் நான் செய்யுதேன்" என்றாள். காரணம் சொல்லவில்லை. ஜெர்லின் வரும்போது துணியை உதறுவதுபோல் தூக்கிப் பாலனின் முகத்தை மறைத்துவிடலாம் என்பதுதான் காரணம். பாதம் மட்டும் தெரியும். ஜெர்லின் முத்தமிட்டுவிட்டுப் போய்விடுவாள். ஒரு நொடி வேலை. அதற்குத்தான் இந்தத் துணி, அதற்குத்தான் அறுபத்து மூன்று வயதில் இந்த நிற்பு.

பாலனுக்குக் குளிருதா. அதுதான் நேற்றிலிருந்து தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. நேற்றுச் சாயங்காலம் குடிலுக்கு எடுத்துப் போகப் பெட்டியைத் திறந்தபோது கஸ்பார் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், பாலனுக்குக் குளிருதா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு மைக் சரிபார்க்கப் போய்விட்டார். ஏன் அப்படிக் கேட்டார்? மழை பெய்துகொண்டிருந்தது, அதனால் கேட்டிருக்கலாம். பாலன் உடுப்பில்லாமல் கிடந்தார், அதனால் கேட்டிருக்கலாம். நீலம் பாய்ந்திருந்ததால் கேட்டிருக்கலாம். குளிரில் பிள்ளைகள் நீலம் பாயும். குளிரில் மட்டும்தானா பாயும்? பாதிராத்திரிப் பூசையில் யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் குடிலுக்குள் சிவப்பும் பச்சையுமாக சீரியல் பல்புகள் மாறி மாறி எரிந்தன, அந்த வெளிச்சத்தில் மாடும் ஆடும் சூசையப்பரும் எல்லோருமே பச்சையாகித்தான் சிவந்தார்கள். இது பகல். கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் நேராகப் பீடத்தில் விழுகிறது. பகல் வெளிச்சம் எதையும் மூடி மறைக்காது என்று அவளே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், முப்பத்தொரு வருடம் கான்வென்டில் டிராயிங் டீச்சர். வருடா வருடம் பாலனுக்குப் பெயிண்ட் பூசிக் கொடுப்பதும் அவள்தான். ஆனால் அந்தப் பகல் வெளிச்சத்தில் அவள் பார்க்கும்போது பாலன் சரியாகத்தான் இருக்கிறார். அதே இளஞ்சிவப்பு. போன வருடத்தைப் போல. அதுதான் பயம். தப்பு பாலனிடம் இருந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். தப்பு கண்ணிடம் இருந்தால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்க வந்த டாக்டர் ஜூலையிலேயே சொன்னார். "ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்திருக்கும்மா. வெள்ளைத் துணியெல்லாம் பழுப்பாத் தெரியுமே?" "எங்க வீட்டுத் துவைப்பு அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். மகனிடம் சொல்லவில்லை. ஃபாதரிடம் சொல்லவில்லை. சொன்னால் பாலனை மதுரைக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் சூசையப்பரை அப்படித்தான் அனுப்பினார்கள், மெஷினில் பெயிண்ட் அடித்துத் திரும்பி வந்தார், உதட்டில் சிவப்பு, வில்லாக வளைந்த புருவம், கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட ஆள்போல. மரியன்னை பக்கத்தில் நிற்கவே கூச்சப்படுகிற மாதிரி இருந்தது.

ஒருவர் முத்தமிட்டார், இழுப்பு, மடிப்பு, இழுப்பு. அந்த மூன்றாம் ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு மட்டும் ஊதா உடுப்பை விட்டுவிட்டு ரோஜா நிற உடுப்பில் பூசை வைப்பார்கள், பாதி நோன்பு தாண்டியாயிற்று, சந்தோஷப்படுங்கள் என்று. இந்த வருடம் அது டிசம்பர் பதின்மூன்றில் வந்தது, லூசியம்மாள் திருநாளும் அன்றுதான். ஃபாதர் பீடத்துக்கு வந்தபோது அவருடைய உடுப்பு அவளுக்குச் செங்கல் நிறமாகத் தெரிந்தது. செங்கல்கூட இல்லை, காவி. பக்கத்தில் நின்ற கஸ்பாரிடம், "சாமி ஏன் காவி உடுத்தியிருக்காவ?" என்று கேட்டாள். கஸ்பார் அவளை ஒரு மாதிரி பார்த்தார். அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரிந்தது, புரியாததுபோல் வைத்துக்கொண்டாள். பக்கப் பீடத்தில் லூசியம்மாள் தன் இரண்டு கண்களையும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். வேதத்துக்காகக் கண்ணைப் பிடுங்கினார்களாம், ஆனால் சொரூபம் செய்தவன் முகத்திலும் இரண்டு கண் வைத்துவிட்டான், ஆக மொத்தம் நான்கு. சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரித்து அம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறாள். அன்று பூசை முடிந்து அந்தச் சொரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு, இந்த ஒரு வருடம் மட்டும் என்று கேட்டாள். ஒரு வருடம் மட்டும் கண்ணைக் கொடு, அடுத்த வருடம் நானே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் போய்ப் பாலனை எடுத்து வேலையைத் தொடங்கினாள். வருடா வருடம் பாதத்தில் மட்டும்தான் வேலை இருக்கும், முத்தமிட்டு முத்தமிட்டு அங்கேதான் நிறம் போயிருக்கும். இந்த வருடம் மழை ஈரத்தில் முகத்திலும் நெஞ்சிலும் பழைய பெயிண்ட் பொரிந்திருந்தது. முழுவதையும் சுரண்டிப் புதிதாகப் பூச வேண்டியிருந்தது. அவளுக்கு வண்ணம் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரி சொல்வாள், தோலை ரோஸ் என்று நினைக்காதே, அடியில் பச்சை இருக்கிறது, நீலம் இருக்கிறது, ரத்தம் அதற்கு மேல்தான் வருகிறது. அப்படித்தான் பூசினாள். பழுப்பு கொஞ்சம் சேர்த்து ரோஸ் கலந்தாள், மஞ்சளாகத் தெரிந்தது. ஒரு சொட்டு நீலம் சேர்த்தாள். இன்னும் மஞ்சள். இன்னும் ஒரு சொட்டு. எத்தனை சொட்டு? அதை எண்ணவில்லை. பெஞ்சை எண்ணுகிறவள் அதை எண்ணவில்லை.

எண்ணாதது மட்டும் என்றால் பரவாயில்லை. செப்டம்பர் மாதம் ஜெர்லின் வீட்டுக்குப் போயிருந்தாள். ஜெர்லின் அவளிடம் படித்தவள், நேர்கோடே போட வராது, ஆனால் மயில் வரையச் சொன்னால் மீனுக்குச் சிறகு வைத்து வரைந்து எல்லோரையும் சிரிக்க வைப்பாள். கல்யாணமாகி நான்கு வருடம் கழித்துப் பிறந்த பையன் இரண்டு நாள் இருந்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி அவசரமாகத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாள். நடு வீட்டில் வெள்ளைப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், பூ எல்லாம் பிள்ளையைவிடப் பெரிதாக இருந்தது. பெர்பெத்து குனிந்து நீலம் பாய்ந்த நெற்றியில் சிலுவை போட்டபோது அவள் மனசு ஒன்று சொன்னது. வெள்ளை நிறைய, செருலியன் ப்ளூ கொஞ்சம், உதட்டுக்கு மட்டும் ஊதா ஒரு துளி. அப்படியே சொன்னது, பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற குரலில். ஜெபம் வர வேண்டிய இடத்தில் பெயிண்ட் டியூபின் பேர் வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை, எந்தக் கட்டளைக்குக் கீழே அதைச் சொல்வது என்று தெரியவில்லை. இப்போது தோன்றுகிறது, கை அதை மறக்கவில்லையோ? கண் கைவிட்ட பிறகு கை தனக்குத் தெரிந்ததைத்தானே செய்யும், கைக்குக் கடைசியாகத் தெரிந்த பிள்ளை எது? லூசியம்மாள் திருநாளன்று சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பரை விரித்து, ஜெர்லினுடைய பிள்ளையையே பூசிவிட்டாளோ? அதைத்தான் ஃபாதர் கையில் ஏந்தியிருக்கிறாரோ? அதன் பாதத்தைத்தான் இந்த ஊர் முத்தமிட்டுக்கொண்டிருக்கிறதோ, அதைத்தான் கஸ்பார் ஒரே பார்வையில் பார்த்துக் கேட்டாரோ, பாலனுக்குக் குளிருதா, பாலனுக்குக் குளிருதா.

ஒருவர், இழுப்பு, மடிப்பு. அறுபது பேர் முடிந்திருக்கும். வலைக்கார மொராயிஸ் வந்தார், முத்தமிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்கும் ஒன்றும் சொல்கிறவர் இல்லை, பெண்டாட்டி செத்தபோதும் சொல்லவில்லை, அவர் முகத்தை வைத்து ஒன்றையும் தீர்மானிக்க முடியாது. கான்வென்ட் சிஸ்டர்கள் நான்கு பேர் கண்ணை மூடிக்கொண்டே முத்தமிட்டார்கள், பிரயோஜனமில்லை. ஒரு கைக்குழந்தையைப் பாலனுக்கு நேராக நீட்டினார்கள், அது பாதத்தைக் கடிக்கப் பார்த்தது, ஃபாதர், "ஏய், ஏய், பசிக்கி வேற எடத்துக்குப் போ" என்றார், வரிசை சிரித்தது. பிள்ளை பயப்படவில்லை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா? பிள்ளைகளுக்கு என்ன தெரியும், எல்லாம் வாய்க்குள் போகிற பொருள். கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் முகங்கள் எல்லாம் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் கலங்கித் தெரிந்தன. ஜெர்லின் எங்கே நிற்கிறாள் என்று பார்வையால் கண்டுபிடிக்க முடியவில்லை, அவளுடைய மாமியார் மிக்கேலம்மாள் இடதுகாலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பாள், அந்த ஆட்டத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். பெண்கள் பக்கம் எட்டாவது பெஞ்சு எழுந்துவிட்டது. அந்த ஆட்டத்துக்கு முன்னால் மெலிந்து, நேராக, ஆடாமல் ஓர் உருவம். செப்டம்பருக்குப் பிறகு அவள் கோயிலுக்கு வருவதே இதுதான் முதல் தடவை. மரித்த விசுவாசிகள் நாளன்றுகூடக் கல்லறைத் தோட்டத்துக்கு வரவில்லை, மிக்கேலம்மாள் மட்டும் வந்து மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டுப் போனாள். யார் சொல்லி இன்று வந்திருக்கிறாள்? மூன்று நாளில் மாசற்ற குழந்தைகள் திருநாள். இந்தப் பண்டிகை எப்போதும் இப்படித்தான், பாலன் பிறந்த மறுநாளே முடியப்பர் திருநாள், அவரைக் கல்லால் எறிந்து கொல்கிறார்கள், அடுத்த நாள் அருளப்பர் கையில் பாம்பு நெளிகிற விஷக் கிண்ணத்தோடு வந்துவிடுகிறார், அதற்கு மறுநாள் ஏரோது பிள்ளைகளை வெட்டுகிறான். இனிப்புப் பலகாரம் தீர்வதற்குள் இவ்வளவும் நடந்துவிடும். சொரூபம் செய்கிறவர்கள் பாடு தேவலை, ஒவ்வொருவர் கையிலும் அவரவர் சாவைக் கொடுத்துவிடுகிறார்கள், கல், கிண்ணம், கண் வைத்த தட்டு, யார் யாரென்று தெரிந்துவிடும். பாலன் கையில் மட்டும் ஒன்றும் இல்லை. வெறுங்கையை விரித்துக்கொண்டு கிடக்கிறார். வெறும் நிறம்தான் அவருக்கு. அந்த நிறத்தை அவளிடம் கொடுத்திருந்தார்கள்.

ஒருவர், இழுப்பு. ஜெர்லினுக்கு முன்னால் பத்துப் பேர் இருக்கிறார்கள். துணி ஈரமாகி எச்சிலும் பவுடரும் ஒட்டிக் கனத்தது. இதைத் தூக்கிப் பாலன் முகத்தில் போடலாமா, நாலு பேர் என்ன நினைப்பார்கள்? செத்தவர்களுக்குத்தான் முகத்தை மூடுவார்கள். இவ்வளவு நேரம் இது ஏன் தோன்றவில்லை? துணியைப் போட்டால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். வேறு என்ன செய்யலாம்? ஃபாதர், கொஞ்சம் திரும்பி நில்லுங்க என்று சொல்லலாமா? கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடலாமா? உட்கார்ந்தால் கஸ்பார் வந்து துணியை வாங்கிக்கொள்வார், ஜெர்லின் பார்க்கப்போவதைப் பார்க்காமலாவது இருக்கலாம். ஐந்து பேர். நான்கு. முன்னால் வந்த பெண்ணின் வளையல் பட்டுத் துணியில் மாட்டிக்கொண்டது, ஃபாதர் அதை விடுவிக்கக் கையைத் திருப்பினார், திருப்பியதில் பாலனின் தலை இந்தப் பக்கம் வந்து முகம் முழுவதும் வரிசைக்கு நேராக வெயிலில் நின்றது. அந்தப் பெண் போனாள். ஜெர்லின் வந்து நின்றாள். பெர்பெத்துவின் கை எழும்பவில்லை. ஜெர்லின் குனிந்து பாதத்தில் உதட்டை வைத்தாள், மற்றவர்களைவிட நேரமெடுத்தாள். நிமிர்ந்தாள். பாலனின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பாட்டுக்குழு அடுத்த பாட்டுக்குப் புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "டீச்சர்" என்றாள் மெதுவாக. "என்னம்மா?" என்றாள் பெர்பெத்து. "இவரு ஏன் டீச்சர் இப்படிக் கறுத்துட்டாரு?" பெர்பெத்து குனிந்து பாலனைப் பார்த்தாள். "போன வருசம் சீமைப் பிள்ளையாட்டம்லா இருந்தாரு. எங்க மாமி பாத்தாவன்னா விடமாட்டாவ, பாசிப்பயறு மாவு போட்டுத் தேச்சே எடுத்துருவாவ." பின்னாலிருந்து மிக்கேலம்மாளின் குரல் கணீரென்று வந்தது. "ஏன், தேச்சா என்னளா? ஒம் புருசன அப்படித் தேச்சுத் தேச்சுத்தான் இம்புட்டுக்காவது கொண்டாந்தேன்." "தேச்சுமா இந்த நெறம், மயினி?" என்றது இன்னும் பின்னாலிருந்து ஒரு குரல். ஜெர்லினின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பெர்பெத்து பதறி இன்னும் கிட்டே குனிந்து பார்த்தாள். கை தொடும் தூரத்தில் அவளுக்கு நன்றாகவே தெரிந்தது, அழுகையும் கொஞ்சம் இருந்தது, ஆனால் அது சிரிப்பு. வகுப்பில் மீனுக்குச் சிறகு வைத்துவிட்டுச் சிரித்த அதே சிரிப்பு, ஒரு பக்கமாக. "செஞ்சாச்சுன்னா நகருங்கம்மா, பின்னால நிக்கிறாங்க" என்றார் ஃபாதர், அவரும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஜெர்லின் ஒரு விரலால் பாலனின் கன்னத்தைத் தொட்டு, அந்த விரலைத் தன் வாயில் ஒற்றிக்கொண்டு, மாமியாருக்குக் கை கொடுத்துப் படியிறக்கிக் கூட்டிக்கொண்டு போனாள்.

கறுப்பு. கறுத்துட்டாரு. இழுப்பு, மடிப்பு, இழுப்பு. நீலம் என்று சொல்லவில்லை, கறுப்பு என்றாள். அந்த ஊரில் அதைவிடத் தெளிவாகப் பார்க்கக்கூடிய கண் வேறு யாருக்கு இருக்கிறது? அந்த நீலத்தை இரண்டு நாள் பக்கத்தில் படுத்துப் பார்த்தவள் அவள். அவள் கறுப்பு என்றால் கறுப்புதான். இப்போது கணக்கு தானாக வந்தது. ரோஸில் பழுப்பு கலந்திருந்தாள், அதில் போய் நீலம் விழுந்தால் நீலமாகவா நிற்கும், முதல் வருடப் பிள்ளைக்குத் தெரியும், மங்கிக் கறுக்கும், மாநிறமாகும், வெயிலில் அலைந்த நிறம். எவ்வளவு எளிது. பன்னிரண்டு நாள் இது ஏன் தோன்றவில்லை? பயத்துக்கு வண்ணம் கலக்கத் தெரியாது போலிருக்கிறது. குளித்து எழுந்த மாதிரி இருந்தது. பசித்தது. பாதிராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, வீட்டில் மருமகள் ஆப்பம் வைத்திருப்பாள், தேங்காய்ப்பால் ஊற்றி நான்கு தின்னலாம், ஐந்துகூடத் தின்னலாம். ஒருவர், இழுப்பு. "ஹேப்பி கிறிஸ்மஸ் டீச்சர்" என்றார்கள், "ஹேப்பி கிறிஸ்மஸ்" என்றாள், இவ்வளவு நேரமும் இதைத்தான் எல்லோரும் சொல்லிக்கொண்டு போயிருக்க வேண்டும், இப்போதுதான் காதில் விழுகிறது. ஏலக்கடை அந்தோணிமுத்து நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "இது சரியில்ல டீச்சர். ஆண்டவர் கறுப்பு கிடையாது, படத்துலயெல்லாம் வெள்ளையாத்தான் இருக்காரு. நான் கமிட்டியில எழுதிக் குடுப்பேன்" என்றார். "கண்டிப்பா எழுதிக் குடுங்க" என்றாள், அவர் திகைத்துப்போய் முத்தமிடாமலே நகர்ந்துவிட்டு மறுபடி திரும்பி வந்து முத்தமிட்டார். எழுதட்டும். மதுரைக்கு வேண்டுமானாலும் அனுப்பட்டும். சூசையப்பருக்குத் துணையாக உதட்டுச் சிவப்போடு வரட்டும். அதை நினைத்தால் நேற்று நெஞ்சு அடைத்திருக்கும், இன்று சிரிப்பு வந்தது. லூசியம்மாளிடம் கண் கேட்டாள், கொடுக்கவில்லை, கொடுத்திருந்தால் பாலன் போன வருடத்தைப் போலவே இருந்திருப்பார், ஜெர்லின் முத்தமிட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போயிருப்பாள். இதை அற்புதம் என்று யாராவது சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். பெயிண்ட் தப்பு. தப்பு தப்புதான். தப்பு எங்கே போய் விழுகிறது என்பது மட்டும் நம் கையில் இல்லை. இருநூற்று நாற்பது என்று கணக்குப் போட்டதற்கு மேல் இன்னும் ஐம்பது பேர் வந்தார்கள். அவளுக்குக் கால் கடுத்ததே தவிர அலுக்கவில்லை.

எல்லாம் முடிந்து பூசை உடுப்பு மாற்றும் அறையில் ஃபாதர் பாலனை மேஜையில் கிடத்தினார். கஸ்பார் துணியை வாங்கி உதறினார். பெர்பெத்து நாற்காலியில் உட்காரும்போதே சொன்னாள், நின்றுகொண்டு சொல்லத் தைரியம் வருமா என்று தெரியவில்லை. "ஃபாதர், எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. ஜூலைலயே சொல்லிட்டாங்க. இது நான் கண்ணு தெரியாமப் பூசினது." ஃபாதர் பூசை உடுப்பைப் பாதி கழற்றிய நிலையில் நின்றார். "அப்போ மூணாம் ஞாயிறு, சாமி ஏன் காவி உடுத்தியிருக்காருன்னு கஸ்பார்ட்ட கேட்டது?" "நெசமாத்தான் கேட்டேன்." "அடக் கடவுளே. நீங்க என்னைய வச்சு அரசியல் பேசுறீங்கன்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன். பன்னெண்டு நாளா யார்ட்டயும் சொல்லாம மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு இருந்தேன்." மூன்று பேரும் சிரித்தார்கள், சத்தம் கோயிலுக்குள் போகாமல் இருக்க ஃபாதர் கதவைச் சாத்தினார். பிறகு அவள் கஸ்பாரிடம் கேட்டாள், கேட்காமல் போனால் ஆப்பம் இறங்காது. "நேத்து ஏன் பாலனுக்குக் குளிருதான்னு கேட்டிய?" கஸ்பார் யோசித்தார். "நானா? அப்படியா சொன்னேன்?" என்றார். உண்மையாகவே அவருக்கு ஞாபகமில்லை, முகத்தில் தெரிந்தது. ஒரு ராத்திரி முழுக்க அவளைத் தின்ற வார்த்தை சொன்னவர் வாயில் அரை நிமிடம்கூடத் தங்கவில்லை. "சும்மா ஏதாவது சொல்லிருப்பேன் டீச்சர். ஏன், எதுவும் வருத்தமா?" "ஒண்ணுமில்ல" என்றாள். ஃபாதர் மேஜை டைரியை எடுத்தார். "அரசாங்க ஆஸ்பத்திரி கண் டாக்டர் நம்ம கோயில் பங்குக்காரர்தான், பேசிட்டு ஒங்களுக்குத் தேதி சொல்லுதேன். ஒங்க மவன்ட்ட நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?" "நானே சொல்லிக்கிடுதேன். இன்னைக்கே." அவள் எழுந்தாள். மேஜையில் கிடந்த பாலனைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். அவளுக்கு இன்னும் இளஞ்சிவப்பாகத்தான் தெரிந்தார். பரவாயில்லை என்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே வந்தாள். நேற்றைய மழைத் தண்ணீர் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

2016 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு பெர்பெத்துவின் வலது கண்ணிலிருந்த புரை அகற்றப்பட்டது. பிப்ரவரி 2, செவ்வாய்க்கிழமை, ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த திருநாள் பூசைக்குப் பிறகு பங்குக் கோயில் வழக்கப்படி பாலன் பெட்டியில் வைக்கப்பட்டார். நிறம் மாற்றப்படவில்லை.